எக்ஸ்ரே அக்காவின் வெளிச்சப் பெட்டி

உட்காரும்போதே எழுந்து போவதற்குத் தோதாகத்தான் அக்கா உட்காருவாள். சுவரில் முதுகைச் சாய்க்க மாட்டாள். ஒரு காலை மடக்கி, மறு காலைக் குத்த வைத்து, கதவோரமாக இருப்பாள். காப்பி கொடுத்தால் ஆறவிடாமல் குடித்து, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் வாரேன் பிள்ள, ஒனக்குச் சோலி கெடக்கும்" என்பாள்.

எனக்கு ஒரு சோலியும் கிடக்காது. எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி எழுமலையிலிருந்து மதுரைக்கு வந்த புதிது. கணவருக்கு மில்லில் ஷிப்டு வேலை. அவர் போன பிறகு பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. இன்னும் கொஞ்ச நேரம் இருங்கக்கா என்று சொல்ல நினைப்பேன். அதற்குள் அவள் முற்றத்தில் பாதி தூரம் போயிருப்பாள்.

நாங்கள் இருந்தது கோச்சடையில் ஒரு வளவு. நடுவில் முற்றமும் அடிகுழாயும், சுற்றிலும் ஆறேழு குடித்தனங்கள். மாடியில் வீட்டு ஓனர் குடும்பம். அக்காவின் அறை எல்லாவற்றுக்கும் பின்னால், கடைசியில் இருந்தது. ஒரு காலத்தில் விறகு அடுக்கிய அறையாம். ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் எதிரே மதில் சுவர். நடுமத்தியானத்திலும் உள்ளே போனால் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும்.

அவள் வேலையும் இருட்டில்தான். ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் கழுவும் வேலை. சிவப்பு பல்பு மட்டும் எரியும் அறைக்குள் காலையில் நுழைந்தால் மத்தியானம்தான் வெளியே வருவாள். நகங்கள் பழுப்பேறி இருக்கும். எத்தனை தடவை குளித்தாலும் சேலையில் மருந்துத் தொட்டியின் புளிச்ச வாடை போகாது. வளவில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

முதல்முதலாக அவளிடம் பேசியது அடிகுழாயில். வளவே தண்ணீர் பிடித்து ஓய்ந்த பிறகுதான் அவள் குடத்தோடு வருவாள். அன்றைக்கு நானும் தாமதமாகப் போயிருந்தேன்.

"எந்த ஊரு பிள்ள?"

"எழுமலைக்கா."

குழாயை அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "நல்ல ஊரு" என்றாள். குடம் இன்னும் நிறையவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குச் செடிகள் உண்டு. மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, பால்பவுடர் டப்பாக்களிலும் உடைந்த மண்பானைகளிலும் வைத்திருந்தாள். ரோஜா, செம்பருத்தி, கற்பூரவல்லி, பெரணி, சிவப்புத் தண்டோடு ஒரு பிகோனியா. கூட வேலை பார்க்கும் நர்ஸ் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரு குட்டிச் செடியும் இருந்தது. இலையெல்லாம் பூனைக்காது மாதிரி மெல்லிய மயிர். அதற்குப் பெயர் தெரியாது. மலைச்செடி என்போம். அதற்கு மட்டும் நனைத்த சாக்கால் கூடாரம் போட்டிருந்தாள்.

ஒரு நாள் ஓனரம்மா முற்றத்தில் நின்று, பொதுவாக, "மாடியில ஓதம் இறங்குது, எதுனாலன்னு தெரியல" என்றார். அக்காவிடம் சொல்லவில்லை. செடி என்ற வார்த்தையும் வரவில்லை. அன்று சாயங்காலமே அக்கா எல்லாத் தொட்டிகளையும் கீழே இறக்கிவிட்டாள். வெயில் வேண்டிய ரோஜாவையும் செம்பருத்தியையும் வளவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். மிச்சத்தைத் தன் இருட்டறைக்குள் கொண்டுபோனாள். ஓனரம்மாவே பதறிப்போய், "நான் ஒன்னும் சொல்லலயே, எதுக்கு எறக்குறீக?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லலம்மா. எனக்கே தோணுச்சு" என்றாள் அக்கா.

சில வாரங்களில் செடிகள் வெளிறின. தண்டு நூலாக நீண்டு கதவுப் பக்கம் சாய்ந்தது. வேலை முடிந்து வந்து அவள் அவற்றைத் தூக்கி வாசலில் வைப்பாள், மதில் நிழலில். போதவில்லை. "கழுத்த நீட்டி நீட்டிப் பாக்குதுக பிள்ள" என்றாள் ஒரு நாள். "நம்ம எடத்துக்கு வந்ததுனால இதுகளுக்கு இந்தக் கதி." அவள் தனக்காக வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. செடிக்காக வருத்தப்பட்டாள்.

அதற்கப்புறம்தான் பெட்டி.

எக்ஸ்ரே படத்தை மாட்டி வைத்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு வெளிச்சப் பெட்டி இருக்கும். முன்னால் பால் கண்ணாடி, உள்ளே குட்டை டியூப் லைட்டுகள். அப்படி ஒன்று கண்ணாடி விரிசல் விட்டு, கழிவுச் சாமான்களோடு கிடந்திருக்கிறது. ஏலம் எடுத்த பழைய இரும்புக்காரரிடமிருந்து அதை வாங்கி, குதிரை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். டீத்தூள் மொத்தக் கடையிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டியும் வந்தது. ஒட்டுப்பலகையில் செய்த சதுரப் பெட்டி. உள்ளே முழுக்க வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும்.

"இது என்னத்துக்குக்கா?" என்று கேட்டேன்.

"வீடு கட்டப் போறேன்" என்றாள். அவள் வேடிக்கையாகப் பேசியது அது ஒரு தடவைதான்.

பிறகு வந்த மத்தியானங்கள்தான் அந்த வளவில் என் நல்ல காலம். வா என்று அவள் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். தேயிலைப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தோம். கிழிந்த இடங்களில் வெள்ளித்தாளை மைதாப் பசை தடவி ஒட்டினோம். மேல்பலகையில் உள்பக்கமாக டியூப் லைட்டுகளைத் தொங்கவிட்டாள். வயர் இழுக்க மட்டும் தெரு முனை ரேடியோ கடைக்காரர் வந்து போனார்.

முன்பக்கம் மூடக் கண்ணாடி போடலாம் என்றேன். அவள் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய பழைய எக்ஸ்ரே படங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்தாள். யாரும் வாங்க வராமல் பல வருஷம் கிடந்தவையாம். எங்கள் வீட்டு அண்டாவில் வெந்நீரும் சலவைச் சோடாவும் கரைத்து அவற்றை ஊறப்போட்டோம். கை வைத்துத் தேய்த்தால் கறுப்பு, பாகு மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். விலா எலும்புகள், முழங்கால், ஒரு சின்னக் கை. எல்லாம் கரைந்து போய், லேசான நீலத்தில் வெறும் ஏடு மிஞ்சும்.

"இம்புட்டுப் பேரும் நெஞ்சக் காட்டிட்டுப் போயிருக்காக" என்றாள். "திரும்பி வாங்கத்தான் வரல."

"எதுக்கு வராம இருந்திருப்பாக?"

"தெரியல. வந்து கேட்டாக் குடுத்துருப்பாக."

அந்த ஏடுகளை ஒன்றோடு ஒன்று தைத்து, சட்டத்தில் ஆணியடித்து, கீல் வைத்துக் கதவாக்கினாள்.

செடிகளை உள்ளே வைத்த முதல் வாரத்திலேயே விளக்கை ஒட்டியிருந்தவை சுருண்டு கருகின. உள்ளே கை விட்டுப் பார்த்தால் அடுப்பு மாதிரிக் கொதித்தது. டியூப் லைட்டின் சோக்குகள் பெட்டிக்குள்ளேயே இருந்தன, சூடெல்லாம் அதிலிருந்துதான். அவற்றைக் கழற்றிப் பெட்டிக்கு வெளியே, சுவரில் மாட்டினாள். பிறகு ஈரம் வெளியேற வழியில்லாமல் மண்ணில் பூஞ்சை பிடித்தது. அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பெட்டியின் பக்கங்களில் கீழே சில, மேலே சில ஓட்டை போட்டாள். அதற்கப்புறம் காற்றும் சரியாயிற்று. விடிகாலை எழுந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள். இருட்டினதும் அணைத்துவிடுவாள். "அதுகளும் ஒறங்கணும்ல" என்பாள்.

மலைச்செடி பூக்கப் பல மாதம் ஆயிற்று. பூத்த அன்று அவள் என்னைக் கூப்பிடவில்லை. எப்போதும் சாத்தியிருக்கும் கதவைத் திறந்து போட்டுவிட்டு, வாசலில் ஏற்கனவே சுத்தமாக இருந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று தடவை இருமினாள். உடம்பு சரியில்லையோ என்று கேட்கப் போன நான் உள்ளே பார்த்தேன். நீல ஏட்டுக்குப் பின்னால் அடர்ந்த ஊதா நிறத்தில் பூக்கள், நடுவில் மஞ்சள் பொட்டு. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவள் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனையூரில் அவளுக்கு ஒரு தம்பி இருந்தார். தம்பி மகள் வயசுக்கு வந்து சடங்கு வைத்தபோது, "தொணைக்கு வாரியா?" என்று கேட்டாள். அவள் ஒன்று கேட்டதே பெரிய விஷயம் என்று நானும் போனேன். பந்தல், ஒலிபெருக்கி, வாசல் கொள்ளாத கூட்டம். அக்கா கொண்டுபோன பட்டுப்பாவாடைத் துணியைத் தட்டில் வைத்துவிட்டு, பந்தலின் கடைசிக் கால் ஓரமாகப் போய் நின்றாள். தம்பி மனைவி ஆள் மாற்றி ஆளை வரவேற்றுக்கொண்டே ஓடி வந்தார். "வாங்க மதினி, எப்ப வந்தீக? இருந்து சாப்பிட்டுப் போங்க, என்ன" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அக்கா என் முழங்கையைத் தொட்டாள். "கெளம்புவமா?"

"சாப்பிடலையேக்கா."

"அதான் போங்கன்னு சொல்லிட்டாகல்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் அதற்குள் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பந்திச் சாம்பார் வாசனை மூக்கிலேயே இருந்தது. அவளோ நிம்மதியாக, ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பித்து வந்தவள் போலச் சாப்பிட்டாள்.

மறுநாள் மத்தியானம் தம்பி வந்தார். கையில் மூடி போட்ட தூக்குச்சட்டி. வேட்டியெல்லாம் மஞ்சள். அக்காவின் வாசலில் நின்றவர் உள்ளே போகவில்லை.

"பிள்ளைக்கு அத்தைன்னு இருக்கது நீ ஒருத்தி. தண்ணி ஊத்த ஒன்னயத் தேடுறேன், தேடுறேன், ஆளக் காணோம். எம் பொண்டாட்டி அழுகுறா, நான் என்னமோ சொல்லிட்டேன் போலன்னு. யாரு என்ன சொன்னாக ஒன்னய?"

"யாரும் ஒன்னும் சொல்லலடா."

"அப்பறம் ஏங்க்கா இப்புடிப் பண்ற? ஒரு வாய் சாப்பிட்டா எங்க வீட்டுல என்ன கொறஞ்சு போகும்? வாரவுக போறவுக எல்லாம், அக்காளக் கூடக் கவனிக்கத் தெரியாதவன்னு என்னயக் கேக்குறாக."

அவர் குரல் உடைந்துவிட்டது. தூக்குச்சட்டியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று அவள் விலகும்போதெல்லாம் அவள் விலகிய இடத்தில் யாரோ ஒருவர் அடிபட்டு நிற்பார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

அந்த வாரத்தில் ஒரு நாள் நானே கேட்டேன், அவள் கல்யாணம் கட்டிப் போன கதையை. எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்தானாம். பிள்ளை இல்லை. கணவருக்கு இரண்டாவது கட்டி வைத்தார்கள். "அவுக போன்னு சொல்றதுக்கு முந்தி நானே கெளம்பி வந்துட்டேன்" என்றாள். "சொல்ல வச்சுட்டா அவுகளுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம் பாரு." அதோடு எழுந்து செடிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் எனக்கு ஐந்தாவது மாசத்தில் கலைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்துக் கிடந்தேன். வளவுப் பெண்கள் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள். யாருக்கு யாருக்கெல்லாம் இப்படி ஆகி, பிறகு எத்தனை பிள்ளை பிறந்தது என்று சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். என் தலைக்குள் சத்தம் தாங்கவில்லை. அழலாம் என்றால் யாராவது கண்ணைத் துடைக்க வந்துவிடுவார்கள்.

அக்கா ஒரு மத்தியானம் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள்.

"எங்க வீட்டுல வந்து செத்த நேரம் ஒக்காந்திருக்கியா?"

கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பெட்டிக்கு முன்னால் பாயை விரித்து, முதுகுக்குத் தலையணை வைத்தாள். ஏட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டாள். ஈர மண் வாசமும் வெளிச்சமும் முகத்தில் வந்து விழுந்தன. பிறகு சொன்னாள்:

"நீ இரு. நான் வாரேன்."

தன் சொந்த வீட்டிலிருந்து எழுந்து போய், வெளியிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

சோக்கு மெல்ல ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தது. பெரணியின் சுருள் ஒன்று விரியாமல் முஷ்டி மாதிரி இருந்தது. அதைப் பார்த்தபடி வாய்விட்டு அழுதேன். யாரும் வந்து ஆறுதல் சொல்லவில்லை. அழுது, தூங்கி, எழுந்து, மறுபடியும் அழுதேன்.

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது, அக்கா அடிகுழாய் மேடையில் உட்கார்ந்திருந்தாள். சித்திரை வெயில். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். முகம் கன்றிப்போயிருந்தது. யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டு அம்புட்டு நேரமும் அங்கேயே இருந்திருக்கிறாள்.

"முடிஞ்சுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்பத்திக்கு" என்றேன்.

"நாளைக்கும் வா."

பூட்டிய அறையில் பகலெல்லாம் விளக்கு எரிவதைப் பற்றி வளவில் முணுமுணுப்பு இருந்தது. மீட்டர் எல்லோருக்கும் பொது. ஓனரம்மாவே ஒன்றிரண்டு தடவை, ஆள் இல்லாத வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அக்கா காதிலும் விழுந்திருக்கும். அவள் காதுக்குச் சொல்லாத சொல்லும் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓனர் மாடிப்படி இறங்கி, முற்றத்தைக் கடந்து, அக்காவின் அறைப் பக்கம் நடந்து வந்தார். அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் நின்று தொண்டையைச் செருமினார். அக்கா வெளியே வந்தாள்.

அவர் வாயைத் திறக்குமுன், "இந்த மாசத்தோட காலி பண்ணிக்கிறேங்கய்யா" என்றாள்.

அவர் விழித்தார். "அப்படியா? சரிம்மா, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

சாயங்காலம் ஓனரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது? முன்வீட்டு ஆளுக திண்டுக்கல்லுக்கு மாத்தலாகிப் போறாக. கெழக்குப் பாத்த ஜன்னல் இருக்கே, அந்தப் பொம்பள செடிக்கு லைட்டுப் போட்டு வளக்குது, பாவம், அந்த வீட்ட அதுக்கே விட்டுருவோம்னு நான்தான் இவுகளப் போகச் சொன்னேன். இவுக வாயத் தெறக்கவே இல்லயாம்."

நான் ஓடினேன். அக்கா பெட்டிக்கு முன்னால், பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நின்றது. கிழக்கு ஜன்னல் என்றபோது ஒரு கணம் அவள் முகம் திரும்பியது. பிறகு மறுபடியும் இலைகளைப் பார்த்தாள்.

"சொல்லிட்டேனே பிள்ள."

"சொன்னா என்னக்கா? தெரியாம சொல்லிட்டேன், எனக்கு முன்வீட்டக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஒரு மனுசரயாவது பேசி முடிக்க விடுங்கக்கா. எல்லாரையும் இப்புடியே வாசல்ல நிக்க வச்சுட்டுப் போறீக."

நான் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல். அவள் கோபப்படவில்லை. பாயில் உட்கார்ந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

"முந்தியே கெளம்பி வந்தேன்னு ஒங்கிட்டச் சொன்னேன்ல. அது பொய்யி."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புதுசா வந்தவளுக்கு நாந்தான் ஆரத்தி எடுத்தேன். அம்புட்டுப் பெரிய வீட்டுல, அடுப்படி ஓரமா நமக்கும் ஒரு எடம் இருக்கும்னு நெனச்சேன். யாரும் ஒன்னும் சொல்லல. நானும் இருந்தேன். ஒரு நா கெணத்துல தண்ணி எடுத்துட்டு வாரேன், எம் பெட்டி தெருவுல கெடக்கு. சேலையெல்லாம் மேல கெடக்கு. காட்டுவேலை முடிஞ்சு ஊரே வந்துக்கிருக்கு. எல்லாரும் பாத்துட்டுப் போறாக. இடுப்புல தண்ணிக்கொடம். உள்ள கொண்டு போயி வைக்கிறதா, வேணாமான்னு தெரியல."

"என்ன செஞ்சீக?"

"வாசப்படியில எறக்கி வச்சேன். அவுகளுக்குத் தண்ணி வேணும்ல. வச்சுட்டுச் சேலைய மடிச்சேன்."

கிள்ளிப் போட்ட இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டா, மறுபடி அந்தத் தெருவுல நிக்க எனக்குத் தெம்பு இல்ல பிள்ள" என்றாள்.

நான் மாடிக்குப் போய் ஓனரிடம் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மனம் சுருங்கிப் போயிருந்தது. "குடுக்கலாம்னு எறங்கி வந்தேன், மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிருச்சு. அதுவா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், சாவியக் குடுத்துருவேன்" என்றார். அந்த மாசம் முழுக்க நான் முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தேன். நாலு எட்டு வைத்தால் தீர்ந்துபோகும் தூரம். இவள் அவர் வாசலுக்குப் போகவில்லை. அவரும் மறுபடி இறங்கி வரவில்லை.

மாசக் கடைசியில் மாட்டுவண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மாடிப்படிக்குக் கீழே அறை பிடித்திருந்தாள். பெட்டியை நானும் என் கணவரும் தூக்கி வைத்தோம். டியூப் வெளிச்சத்திலேயே வளர்ந்த செடிகள் வெயிலில் கருகிவிடும் என்று நனைத்த சேலையால் மூடினாள். ஓனரம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நிமிர்ந்து கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். முன்வீட்டில் புதுக்குடித்தனம் வந்து, அந்தக் கிழக்கு ஜன்னலை மறைத்துக் கட்டில் போட்டார்கள்.

அதற்கப்புறம் எனக்கு மகன் பிறந்தான். நாங்களும் வேறு பகுதிக்கு வீடு மாறினோம். ஒரு முறை அந்த மாடிப்படி அறையைத் தேடிப் போனேன். அங்கிருந்தும் காலி செய்திருந்தாள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலும் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் சந்தையில் அவள் தம்பியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவர்தான் என்னை அடையாளம் கண்டார். அக்கா எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். "எங்க வீட்டுலதாம்மா" என்றார். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து படுக்கையாகிவிட்டதாம். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். செய்தி கேட்டுப் பார்க்க வந்த அக்கா, வந்தவள் வந்ததுதானாம்.

அடுத்த ஞாயிறு ஆனையூருக்குப் போனேன். அக்கா இளைத்திருந்தாள். நகங்களில் பழுப்பு போயிருந்தது. சேலையில் தைல வாடை. கொல்லையில் கிணற்றடி மேடையில் என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். என் மகனைப் பற்றிக் கேட்டாள். பெட்டி மாட்டுக் கொட்டடி ஓரத்தில் இருந்தது. அதில் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. டியூப்புகள் போய், அந்த இடத்தில் தம்பி ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தார்.

"செடியெல்லாம்?" என்றேன்.

"இங்க வந்து நாளு பூரா அவகூட சரியாப் போகுது. தண்ணி ஊத்த மறந்துருவேன். ஒவ்வொன்னாப் போயிருச்சு."

சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று உற்றுப் பார்த்தேன். இருந்தது. ஆனால் அதில் தங்கி நிற்க அவளுக்கு நேரம் இல்லை போலிருந்தது.

"அவுக பேசுறாகளாக்கா?"

"வாய் கோணிப்போச்சு. ஒன்னு ரெண்டு சொல்லுதான் வருது. வந்த மறுநாளே நான் கெளம்பிட்டேன் பிள்ள. பைய எடுத்துட்டு, வாரேன்னு சொல்லப் போனேன். இந்தக் கையி வராது அவளுக்கு. அந்தக் கையால எஞ்சேலையப் பிடிச்சுக்கிட்டா. விடல. நானும் எம்புட்டு நேரம் நின்னுருப்பேன்னு தெரியல. பெறகு பைய வச்சுட்டேன்."

அவள் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு எதையோ யோசித்தாள். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. அப்போது உள்ளேயிருந்து குழறலாக, பாதியும் காற்றாக, ஒரு குரல் வந்தது.

"மதினி..."

அக்கா எழுந்தாள். என்னிடம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி, உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எங்கயும் போகல. இங்கனதான் இருக்கேன்."